ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆஃப்செட்டும் டயர் சைஸும் எப்படிப் புடிக்கறது: நம்ம கொங்கு ரோட்டுக்கு ஏத்த முழு கணக்கு

காருக்கு அலாய் வீல் மாத்தறதுன்னு முடிவானதும் முக்காவாசிப்பேரு மொதல்ல பாக்கறது டிசைனு, அப்புறம் கலரு, அப்புறம் 18 இன்ச்சா 19 இன்ச்சான்னு ஒரு பேச்சு, ஆஃப்செட்டுங்கறது (சக்கரம் எத்தனை உள்ள போகும், எத்தனை வெளிய நிக்கும்னு முடிவு பண்ற அளவு) கடைக்காரரு "உங்க வண்டிக்கு உக்காந்துருமுங்க"ன்னு சொல்றதோட முடிஞ்சு போயிருது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த வரிசை தலைகீழா இருக்கோணுமுங்க. எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க, அதுக்கு எந்த டயரு, அந்த டயருக்கு எத்தனை அகலத்துல ரிம்மு, அந்த ரிம்மு உள்ளுக்குள்ள எங்க உக்காரும் வெளிய எங்க நிக்கும், இதெல்லாம் முடிஞ்ச பொறவுதான் டிசைனு. கம்பெனிக்காரன் வருசக்கணக்குல டெஸ்ட் பண்ணி வெச்ச ஸ்டீயரிங் ஃபீலு, பிரேக்கு, பேரிங்கு மூணுமே இந்த ஒரு முடிவுல அடங்கியிருக்கறதால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல் வேலை: இப்ப என்ன இருக்குன்னு எழுதி வைங்க

டிரைவர் டோரைத் தொறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் சைஸும் காத்து அளவும் அதுல போட்டிருக்கும். சில வண்டில பெட்ரோல் மூடிக்குள்ள ஒட்டியிருப்பாங்க. அப்புறம் ஒரு வீலக் கழட்டி பின்பக்கம் பாருங்க, 7.5ஜே x 17 ஈடி50 அப்படிங்கற மாதிரி அச்சு இருக்கும். 7.5ங்கறது ரிம்மோட அகலம் இன்ச்சுல, 17 விட்டம், ஈடிக்குப் பின்னால வர்ற நம்பர்தான் ஆஃப்செட்டு, அது மில்லிமீட்டர்ல இருக்கும்.

இதோட பிசிடி, சென்டர் போர் ரெண்டும் வேணும். போல்ட் ஓட்டைக எத்தனை, அதுக போற வட்டம் எத்தனை மி.மீ.ங்கறது பிசிடி. வண்டில சக்கரம் மாட்டற நடுப்பாகம்தான் ஹப்பு, அதுல உக்கார்ற ரிம்மோட நடு ஓட்டையோட அளவு சென்டர் போர். போலோ 5x100, நடு ஓட்டை 57.1. ஆக்டேவியா ஆர்எஸ் 5x112, அதுக்கும் 57.1தான். மினி கூப்பர் இப்பத்த மாடலும் புது பிஎம்டபிள்யூ ஜி சீரிஸும் 5x112 ஆனா 66.6, பழைய எஃப் சீரிஸ் பிஎம்டபிள்யூ 5x120, 72.6. மஸ்டாங் 5x114.3, 70.5. போர்ஷ 718 5x130, 71.6. பிசிடி ஒண்ணா இருக்குதேன்னு மட்டும் பாத்து வாங்கிராதீங்க. ஜி சீரிஸ் பிஎம்டபிள்யூ வீல் ஆக்டேவியாவுல மாட்டும், ஆனா நடுவுல லூசா நிக்கும். ஆக்டேவியா வீல் பிஎம்டபிள்யூல ஏறவே ஏறாது.

பிசிடி வேறயா இருந்தா பழைய ஓட்டைய அடைச்சு புதுசா ஓட்டை போட்டுத் தர்றேன்னு சொல்ற எடம் இருக்கு. வேண்டவே வேண்டாமுங்க. போல்ட் உக்கார்ற எடத்துல வெல்டிங் வெச்ச அலுமினியத்த நம்பி 140ல போறது உசிரோட வெளையாடறது, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

ரோடப் பாருங்க

கோயமுத்தூர்ல இருந்து பாத்தா நமக்கு நாலு விதமான ரோடு இருக்கு. அவினாசி ரோடு மேம்பாலம், சேலம் கொச்சின் ஹைவே மாதிரி நேரான வேக ரோடு. அப்புறம் மலை: ஆழியார் தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, சத்தியமங்கலத்துல இருந்து திம்பத்துக்கு 27, ஏற்காட்டுக்கு 20, நாமக்கல் பக்கம் கொல்லிமலைக்கு 70. மூணாவது கிராமத்து ரோடு, பெயின்ட் அழிஞ்ச வேகத்தடையோட. நாலாவது செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கி.மீ. டிராக்கு, ஃபார்முலா மாருதி காரை உருவாக்கின கரிவரதன் பேர்ல இருக்கறது, ட்ராக் டே நடந்தா நம்மாளுங்க சொந்த வண்டியவே கொண்டு போயி ஓட்டறாங்க.

இந்த நாலுல உங்களுக்கு எது முக்கியம்னு நேர்மையா முடிவு பண்ணுங்க. மாசத்துல பாதி நாளு ஊருக்குள்ள ஓட்டி, ஞாயித்துக்கெழமை காலைல மலையேறறவருக்கு பக்கச்சுவர் இருக்கற டயர்தான் வேணும். வெய்யில், மழை ரெண்டும் கணக்குல வரும். ஈரோடு கரூர்ல சித்திரை வெய்யில்ல தார் ரோடு கொதிக்கும், ஆடி மாசம் ஆழியாருக்கு மேல நிக்காம மழை பேயும். அகலமான டயர் மழைத்தண்ணில சீக்கிரம் மெதக்கும், அதனால "அகலம் கூடுனா கிரிப் கூடும்"ங்கறது காஞ்ச ரோட்டோட கணக்கு மட்டும்தான்.

டயரோட மொத்த உயரத்தக் கணக்குப் போடுங்க

225/45 ஆர்17 எடுத்துக்குவோம். 225 அகலம், 45ங்கறது அந்த அகலத்துல 45 சதவீதம் பக்கச்சுவர் உயரம். 225ஐ 0.45ஆல பெருக்குனா 101 மி.மீ. மேலயும் கீழயும் ரெண்டு சுவரு, ஆக 202.5. ரிம்மு 17 இன்ச்சு, ஒரு இன்ச்சுக்கு 25.4னு 431.8. கூட்டுனா 634 மி.மீ. உயரம்.

இப்ப இதையே வெச்சு மத்த சைஸப் பாருங்க. 225/40 ஆர்18 போட்டா 637, அரை சதவீதம் கூட வராது. 235/40 ஆர்18னா 645, ஒன்றே முக்கால் சதவீதம் கூடுது. 245/40 ஆர்18 போட்டா 653, சரியா 3 சதவீதம். நான் 2 சதவீதத்துக்கு மேல போகமாட்டேன், 3ங்கறது எல்லைக்கோடு. ஏன்னா உயரம் கூடுனா ஸ்பீடோமீட்டர் காட்டறதுக்கும் வண்டி நெசமா போற வேகத்துக்கும் வித்தியாசம் வந்துரும், கியர் நீண்டு போயி பிக்கப் கொறையும், மட்கார்டுக்குள்ள எடமும் பத்தாது. உயரம் கொறைஞ்சா வண்டி அதுல பாதி அளவு தரையப் பாத்து எறங்கும், நம்மூரு வேகத்தடைக்கு அது ஆகாது.

கவனிக்க வேண்டிய விசயம் சுவரு. 17ல 101 மி.மீ. இருந்த சுவரு 18ல 90 ஆவுது, 19க்குப் போயி 225/35 போட்டா 79தான். அந்த 22 மி.மீ. ரப்பர்தான் குழில விழுகும்போது ரிம்மக் காப்பாத்தறது. கோவையில தெனமும் ஓட்டற 17 இன்ச் வண்டிக்கு 17லயே நல்ல டயரும் லேசான ரிம்மும் போடறதுதான் என்னோட முடிவு, மீறிப் போனா 18. கண்ணுக்கு 19 நல்லா இருக்கும், மறுக்கல, ஆனா பெரிய ரிம்மு வெய்ட்டும் கூட்டும், அந்த வெய்ட்டு ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்கற வெய்ட்டு, பள்ளத்துல சக்கரம் ரோட்ட விட்டு எந்திரிக்கறதும் பிரேக் புடிக்க நேரமாகறதும் அதனாலதான். வாங்கறதுக்கு முன்னால ரிம்மத் தூக்கி மளிகைக்கடைத் தராசுலயாவது வெச்சுப் பாருங்க. ஒரே சைஸ்ல காஸ்ட் ரிம்முக்கும் (உருக்கி வார்த்தது) ஃப்ளோ ஃபார்ம் பண்ணுனதுக்கும் (வார்த்த பொறவு ஓரத்த உருட்டி இழுத்தது) ஃபோர்ஜ்டுக்கும் (அழுத்தி அடிச்சு செஞ்சது) கிலோக் கணக்குல வித்தியாசம் இருக்கும்.

ரிம்மோட அகலம்

ஒவ்வொரு டயருக்கும் இத்தனைல இருந்து இத்தனை வரைக்கும்னு ரிம் அகலம் டயர் கம்பெனியே குடுத்திருக்கும். 225/45 ஆர்17க்கு 7ல இருந்து 8.5 வரைக்கும், 225/40 ஆர்18க்கு 7.5ல இருந்து 9 வரைக்கும், 235/40 ஆர்18க்கு 8ல இருந்து 9.5. நடுவுல இருக்கற அளவப் புடிங்க. ரிம்மு ஒடுங்கலா இருந்தா டயரு உப்பிக்கிட்டு திருப்பத்துல தள்ளாடும், ரொம்ப அகலமா இருந்தா சுவரு இழுத்துப் புடிச்சு ரிம்மோட ஓரம் வெளிய நிக்கும், பார்க்கிங்ல மொதல்ல ஒரசறது அதுதான். ரிம்மு அரை இன்ச்சு கூடுனா டயரோட நெஜ அகலமும் கிட்டத்தட்ட 5 மி.மீ. கூடும். இன்னொண்ணு, 225ன்னு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நெஜ அகலம் மாறும். எடம் நெருக்கமா இருந்தா அந்த மாடலோட அளவு பட்டியலப் பாத்துட்டு வாங்குங்க.

ஆஃப்செட்டு, இங்கதான் நின்னு படிக்கோணும்

ரிம்மோட நட்ட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டற முகம் எத்தனை மி.மீ. வெளிய தள்ளியிருக்குங்கறதுதான் ஈடி. நம்பர் பெருசானா சக்கரம் வண்டிக்குள்ள போகும், நம்பர் சின்னதானா வெளிய வரும். இதைய மட்டும் மனசுல வெச்சுட்டா மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

ரிம் அகலத்த மி.மீ.க்கு மாத்தி ரெண்டால வகுங்க. அதோட ஈடியக் கூட்டுனா உள்பக்கம் எத்தனை போகுதுன்னு வரும், கழிச்சா வெளிப்பக்கம் எத்தனைன்னு வரும். 7.5ஜே ஈடி50: 7.5 இன்ச்சு 190.5 மி.மீ., பாதி 95. உள்ள 145, வெளிய 45. இப்ப 8.5ஜே ஈடி45 போடறோம்னு வைங்க, 215.9ல பாதி 108. உள்ள 153, வெளிய 63. அதாவது பழசவிட உள்பக்கம் 8 மி.மீ. ஷாக்கப் பாத்துப் போகுது, வெளிய 18 மி.மீ. மட்கார்டப் பாத்து வருது. ஈடிய 35ஆக்குனா உள்ள 143, ஷாக்குக்கு 2 மி.மீ. கூடுதலாவே எடம் கெடைக்கும், ஆனா வெளிய 73, பழசவிட 28 மி.மீ. தள்ளி நிக்கும், நெறைய வண்டில அது மட்கார்டத் தாண்டிரும். 8ஜே ஈடி45னா உள்ள ஒரு மி.மீ.தான் வித்தியாசம், வெளிய 11. இந்த மாதிரி வண்டிக்கு நான் தேர்ந்தெடுக்கறது இந்த 8ஜே ஈடி45தான், பாக்கறதுக்கும் நெறவா நிக்கும், பெரும்பாலும் எதுலயும் தேய்க்காது.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வெக்கற தட்டுதான் ஸ்பேசர், அதைப் போட்டா அத்தனை மி.மீ.யும் ஈடில கழிஞ்சுரும். ஈடி45 ரிம்முக்கு 10 மி.மீ. ஸ்பேசர் வெச்சா அது ஈடி35தான்.

இனி ஸ்டீயரிங் பக்கம் வருவோம். முன் சக்கரம் திரும்பற அச்சு ஒண்ணு இருக்கு, மேல ஷாக்கோட தலைல இருந்து கீழ பால் ஜாயின்ட் வழியா ஒரு கோடு போட்டா அது தரையத் தொடற எடமும், டயரோட நடுவு தரையத் தொடற எடமும் எத்தனை தூரம்ங்கறத ஸ்க்ரப் ரேடியஸ்னு சொல்லுவாங்க. கம்பெனி இந்த தூரத்த ரொம்ப யோசிச்சு வெச்சிருக்கும். ஈடி 10 கொறைச்சா அந்த தூரம் 10 மி.மீ. நகந்துரும். விளைவு என்னன்னா, ஒரு சக்கரம் மட்டும் குழில எறங்குனா ஸ்டீயரிங் கையில ஒதைக்கும், ரோட்டுல லாரி போன பள்ளத்தடத்துலயே வண்டி இழுத்துட்டுப் போகும், முன்சக்கரம் இழுக்கற டர்போ வண்டியா இருந்தா ஆக்சிலேட்டர் மிதிக்கறப்ப ஒரு பக்கமா வாங்கும், ஒரு பக்கச் சக்கரம் மண்லயும் ஒண்ணு தார்லயும் இருக்கறப்ப பிரேக் புடிச்சா வண்டி கோணும். அதோட பேரிங்குக்கு நெம்புகோல் நீளம் கூடுது, சீக்கிரம் ஊளையிடும்.

நெறைய பேரு கொழம்பற எடம் ஒண்ணு இருக்கு. ஸ்டீயரிங்குக்குத் தெரியறது ஈடி வித்தியாசம் மட்டும்தான், மட்கார்டுக்கும் ஷாக்குக்கும் தெரியறது அகலமும் சேந்தது. அதனால 8.5ஜே ஈடி45ல வெளிய 18 மி.மீ. வந்தாலும் நடுக்கோடு நகந்தது 5 மி.மீ.தான், ஸ்டீயரிங் பெருசாக் கெடாது. அதே 7.5 ரிம்முக்கு 18 மி.மீ. ஸ்பேசர் வெச்சு வெளிய தள்ளுனா பாக்கறதுக்கு ஒரே மாதிரி தெரியும், ஆனா நடுக்கோடு 18ம் போயிருச்சு. முன்பக்கம் கம்பெனி ஈடில இருந்து 5 மி.மீ. வரைக்கும் தாராளமாப் போலாம், 10 வரைக்கும் யோசிச்சுப் போலாம், அதுக்கு மேல தெருவுல ஓட்டற வண்டிக்கு வேண்டாம்.

உங்க வண்டில அளவெடுக்கறது

மேல போட்ட கணக்கு எத்தனை நகருதுன்னு மட்டும்தான் சொல்லும், எடம் இருக்கான்னு வண்டிதான் சொல்லோணும். சமமான தரைல வண்டிய நிறுத்துங்க. மேஸ்திரிக தூக்குக்குண்டு ஒண்ணு வாங்கி மட்கார்டோட உள் உதட்டுல இருந்து சக்கரத்தோட நடுவுக்கு நேரா தொங்க விடுங்க. நூலுக்கும் டயரோட வெளிச்சுவருக்கும் எத்தனை மி.மீ. இருக்குன்னு ஸ்கேல்ல அளந்து எழுதுங்க. நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா எடுங்க, எடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கோணும்னு அவசியம் இல்லை, அதுல எது கம்மியோ அதுதான் உங்க அளவு. இதுல இருந்து புது ரிம்மு வெளிய வர்றதயும், டயர் அகலம் கூடுனா அந்த வித்தியாசத்துல பாதியயும் கழிச்சு, 5 மி.மீ.யாவது மிச்சம் இருக்கோணும்.

உள்பக்கத்துக்கு ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வெச்சுட்டு, ஷாக்குக்கும் டயருக்கும் நடுவுல வெரல வுட்டுப் பாக்காம ஸ்கேல் வெச்சு அளங்க, அங்கயும் 5 மி.மீ. மிச்சம் வேணும். கீழ டை ராடு (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற கம்பி), பிரேக் ஹோஸ், ஃபெண்டர் லைனர் (மட்கார்டுக்கு உள்ள இருக்கற தடுப்பு) எல்லாத்தையும் ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு வெச்சுப் பாருங்க. கொண்டை ஊசில நீங்க ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்கற அதே நேரத்துல வெளிச்சக்கரத்து ஸ்பிரிங்கு அமுங்கியிருக்கும், நிறுத்தி வெச்ச வண்டில தொடாதது அங்க தொடும்.

பெரிய காலிப்பர் (பிரேக் டிஸ்க்க அமுக்கிப் புடிக்கற பாகம்) இருக்கற வண்டிகளுக்கு ஈடி சரியா இருந்தாலும் ஆரக்கால் காலிப்பர்ல இடிக்கும், அது ரிம்மோட வடிவத்தப் பொறுத்தது, கணக்குல வராது. ரிம் விக்கறவங்கள காலிப்பர் டெம்ப்ளேட் கேளுங்க, இல்லன்னா டயர் போடறதுக்கு முன்னால வெறும் ரிம்ம மாட்டிச் சுத்திப் பாருங்க, 3 மி.மீ. எடைவெளி வேணும்.

முன்னும் பின்னும் வேற வேற சைஸ், நாலு சக்கர டிரைவ்

மஸ்டாங் ஜிடிக்கு முன்னால 255/40 ஆர்19, பின்னால 275/40 ஆர்19 வரும். பின்சக்கரம் தள்ளற வண்டிக்கு இது சரி, மாத்துனாலும் அதே விகிதத்துல மாத்துங்க. எக்ஸ்டிரைவ், குவாட்ரோ மாதிரி நாலு சக்கரமும் இழுக்கற வண்டில முன்பின் உயர வித்தியாசம் கம்பெனி குடுத்ததுல இருந்து ஒரு சதவீதம் கூட விலகக் கூடாது, வெலகுனா நடுவுல இருக்கற கிளட்ச் ஓயாம ஒரசி சூடாகிச் செத்துரும். அந்த வண்டிகளுக்கு ஒரு டயர் மட்டும் புதுசா வாங்கிப் போடறதும் அதே கெடுதல்தான்.

டயர் வாங்கறப்ப பாக்கறது

சைஸுக்குப் பின்னால 91டபிள்யூன்னு ஒரு நம்பரும் எழுத்தும் வரும். 91னா ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 94னா 670. எழுத்து டயர் தாங்கற வேகம்: டபிள்யூ மணிக்கு 270 கி.மீ., வி 240, ஒய் 300. இங்க ஒரு பெரிய பொறி இருக்கு: 225/45 ஆர்17 சாதாரணமா 91, ஆனா 225/40 ஆர்18 சாதா டயரு 88தான், 560 கிலோ. 18க்குப் போறீங்கன்னா எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கற வகை) போட்ட 92 கேட்டு வாங்கோணும், அது 630 கிலோ தாங்கும். ஆனா எக்ஸ்எல் டயரு அந்த எடையத் தாங்க காத்தும் கொஞ்சம் கூட வேணும், பழைய ஸ்டிக்கர் அளவையே வெச்சுட்டு ஓட்டக் கூடாது.

டயர் சுவர்ல அச்சடிச்சிருக்கற டாட் கோடோட கடைசி நாலு நம்பரப் பாருங்க, 2325ன்னா 2025ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. நாலும் ஒரே காலத்துல செஞ்சதா இருக்கட்டும், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கோணும். ட்ரெட்வேர் (தேய்மானம் எத்தனை தாங்கும்ங்கற நம்பர்) 200னு இருக்கற மிருதுவான ரப்பர் டயரு கரி ட்ராக்குக்கு அருமையா இருக்கும், ஆனா சீக்கிரம் தேஞ்சுரும், அதுல நெறைய டயருக்குப் பள்ளம் கம்மிங்கறதால வால்பாறை மழைல நம்ப முடியாது. ஒரே செட்டுல ரெண்டும் வேணும்னா 300 பக்கம் இருக்கற நல்ல ரோடு டயரப் புடிங்க. ரிம்முல ஜேடபிள்யூஎல், விஐஏங்கற ஜப்பான் தர முத்திரை தேடுங்க, ஆனா போலி ரிம்முலயும் அச்சடிச்சு வருது, அதனால பில்லு குடுக்கற எடத்துல மட்டும் வாங்குங்க.

சட்டமும் பாத்துக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தறதத் தடுக்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதைய உறுதியாச் சொல்லிருச்சு. கம்பெனி அதே மாடல்ல இன்னொரு வேரியன்ட்டுக்குக் குடுத்திருக்கற சைஸுக்குள்ளயே இருந்துட்டா இன்சூரன்ஸ் பேச்சு வர்றப்ப உங்களுக்குத் தெம்பு, டயர் மட்கார்டத் தாண்டி வெளிய நின்னா எந்தப் பேச்சும் எடுபடாது.

மாட்டறது

சென்டர் போர் பெருசா இருக்கற ரிம்முக்கு ஹப் ரிங் (ஹப்புக்கும் ரிம்மோட நடு ஓட்டைக்கும் நடுவுல இருக்கற எடத்த அடைக்கற வளையம்) கட்டாயம் போடுங்க, இல்லாம மாட்டுனா 90, 100ல ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை தடவ பேலன்சிங் பண்ணுனாலும் போகாது. நம்மூர்ல இதுக்குக் கவலையே இல்லை, கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் எந்த லேத்துலயும் அலுமினியத்துல கடைஞ்சு குடுத்துருவாங்க, ஹப்பையும் ரிம்மையும் வெர்னியர்ல அளந்து எடுத்துட்டுப் போங்க.

போல்ட்டோட தலைக்கு அடில இருக்கற வடிவம் ரிம்முல இருக்கற குழியோட பொருந்தோணும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கம்பெனி ரிம்மு உருண்டை, வெளில வாங்கற ரிம்மு பெரும்பாலும் கூம்பு. உருண்டை போல்ட்ட கூம்புக் குழில போட்டா ஒரு கோட்டுல மட்டும்தான் தொடும், எத்தனை டைட் வெச்சாலும் தளரும். நீளமும் பாருங்க, போல்ட்டோட குறுக்களவு எத்தனையோ அத்தனை மி.மீ.யாவது உள்ள ஏறோணும், எம்14 x 1.5னா ஒன்பது சுத்துக்கு மேல. ஏர் கன்ல அடிச்சு முடிக்க விடாதீங்க, டார்க் ரென்ச் வெச்சு மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு, நட்சத்திர வரிசைல. 50லிருந்து 100 கி.மீ. ஓடுன பொறவு மறுபடியும் ஒருக்கா பாருங்க.

அலைன்மென்ட் பண்ணிட்டு, லைனர் உள்பக்கம் சாக்பீஸ் தேச்சு வைங்க. நாலு பேரு உக்காந்து, டிக்கில சாமான் போட்டு, ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு ஒரு முன்சக்கரத்த மட்டும் மெதுவா ஒரு மேட்டுல ஏத்துங்க, அப்புறம் அடுத்த பக்கம். சாக்பீஸ் அழிஞ்ச எடம் டயர் தொட்ட எடம். அழியலைன்னா ஆழியார் மேல போயி ஒரு பத்து கொண்டை ஊசி நிதானமா ஏறி எறங்கிட்டு மறுபடியும் பாருங்க.

கடைசியா ஸ்டெப்னி. புது ரிம்முக்கு வாங்குன கூம்பு போல்ட்டு பழைய ஸ்டெப்னிக்குப் பொருந்தாது, ஸ்பேசருக்குன்னு வாங்குன நீள போல்ட்ட அதுல போட்டா உள்ள போயி பிரேக்குல இடிக்கவும் இடிக்கும். கம்பெனி போல்ட்டு ஒரு சக்கரத்துக்கு ஆகற அளவு ஒரு துணிப்பைல கட்டி ஸ்டெப்னிக் குழிலயே வெச்சுருங்க, கூடவே சரியான ஸ்பேனரும்.